ஆர்ட்டிகிள் 9-ஐ மாத்தலாமா வேணாமா: ஜப்பான்ல ஓட்டு இருக்குற தம்பிக்கு என் பதில்

என் சித்தப்பா பையன் ஜப்பானுக்குப் போய் பதினாறு வருஷம் ஆகுது. மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்திய பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணிட்டு அங்கயே குடியுரிமை வாங்கிட்டான். ரெண்டு நாடுமே இரட்டைக் குடியுரிமை தர்றதில்ல, அதனால அது லேசுல எடுத்த முடிவு இல்ல. போன வாரம் போன்ல கேட்டான், “அண்ணே, அரசியல் சட்டத்தை மாத்த ரெஃபரண்டம், அதாவது மக்கள்கிட்ட நேரடி ஓட்டெடுப்பு, வைக்கணும்னு இங்க பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு, வந்தா எனக்கும் ஓட்டு உண்டு, நான் என்னத்தப் போடட்டும்?” எம்.எல்.ல நான் ஒப்பீட்டு அரசியல் சட்டம் எடுத்து படிச்சவன், அதான் என்கிட்ட கேட்டான். போன்ல முழுசா சொல்லி முடிக்க முடியல. அவனை மாதிரியே அங்க இன்னும் சில பேர் இருக்காங்க, அவங்களுக்கும் ஆகட்டும்னு எழுதுறேன்.

விஷயம் ஜப்பான் அரசியல் சட்டத்தோட ஆர்ட்டிகிள் 9. ரெண்டே பத்தி. போர் பண்றது நாட்டோட உரிமைங்கிறதை ஜப்பான் மக்கள் என்னைக்குமா கைவிடுறாங்க, வேற நாட்டோட தகராறு வந்தா பலத்தைக் காட்டி மிரட்டவும் மாட்டோம், பிரயோகிக்கவும் மாட்டோம்னு முதல் பத்தி சொல்லுது. அதுக்காக தரைப்படை, கடற்படை, விமானப்படை எதுவும் வெச்சுக்க மாட்டோம்னு ரெண்டாவது பத்தி. 1947 மே 3-ல அமலுக்கு வந்துச்சு, அன்னையிலிருந்து ஒரு எழுத்து கூட மாறல. மாத்தணும்னா ரெண்டு சபையிலயும் மொத்த உறுப்பினர்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும், அப்புறம் மக்கள் ஓட்டுல பாதிக்கு மேல வரணும். குறைஞ்சது இத்தனை பேர் ஓட்டுப் போட்டாத்தான் செல்லும்னு கணக்கு எதுவும் கிடையாது, நூத்துக்கு முப்பது பேரே வந்தாலும் அதுல பாதிக்கு மேல இருந்தா போதும். தம்பி, நீ வீட்டுல உக்காந்துட்டா அது நடுநிலை ஆகாது.

இதுல சிக்கல் என்னன்னா, படையே வெச்சுக்க மாட்டோம்னு எழுதின நாட்டுல 1954-லிருந்து தற்காப்புப் படைன்னு ஒண்ணு இருக்கு, அனுமதிக்கப்பட்ட ஆள் பலம் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்துக்கு மேல, நீர்மூழ்கி இருக்கு, ஃபைட்டர் ஜெட் இருக்கு. அரசாங்கம் அன்னைக்குச் சொன்னதும் இன்னைக்குச் சொல்றதும் ஒண்ணுதான், தற்காப்புக்குத் தேவையான குறைந்தபட்ச பலம் அந்தத் தடையில வராதுன்னு. பேப்பர்ல இருக்கறதும் பாராக்ல இருக்கறதும் வேற வேற. இதை சரி பண்ணணும்னு ஒரு கட்சி, தொடக் கூடாதுன்னு ஒரு கட்சி, எழுபது வருஷமா இதே சண்டை.

இந்த வார்த்தைங்க எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாம முடிவெடுக்க முடியாது. இதுக்கு முன்னாடி இருந்த 1889 மெய்ஜி அரசியல் சட்டத்துல படைகளோட தலைமை பேரரசருக்கு, 11-வது பிரிவு. கேட்டா சாதாரணமா இருக்கும், ஆனா அந்த ஒரு வரியை வெச்சுத்தான் படைத் தலைமை, நாங்க பேரரசருக்கு மட்டும்தான் பதில் சொல்லுவோம், கேபினட்டுக்கு இல்லைன்னு நின்னுச்சு. போர் அமைச்சரா பதவியில இருக்குற ஜெனரலைத்தான் போடணும்னும் ஒரு விதி இருந்துச்சு, ராணுவம் ஆளைக் கொடுக்கலைன்னா அமைச்சரவையே அமைக்க முடியாது. 1930-கள்ல நாடு எங்க போய் முடிஞ்சுதுங்கறதுக்கு அரசியல் சட்டத்துல இருந்த இந்த ஓட்டையும் ஒரு காரணம்.

போர் முடிஞ்சு 1947-ல கல்வி அமைச்சகமே ஏழாம் வகுப்புப் பசங்களுக்கு ஒரு சின்னப் பாடப்புத்தகம் போட்டுச்சு. அதுல ஒரு படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பெரிய அண்டா, மேல ‘போர் துறப்பு’ன்னு எழுதியிருக்கு, மேலிருந்து குண்டும் விமானமும் போர்க்கப்பலும் உள்ள விழுது, கீழ ரயிலும் சரக்குக் கப்பலும் தீயணைப்பு வண்டியும் வெளிய வருது. அரசோட சித்தாந்தத்தை ஒரு குழந்தைக்கு இதைவிடத் தெளிவா காட்ட முடியாது. ‘அமைதி நாடு’ன்னு அவங்க சொல்லிக்கிறது அந்த அண்டாவுல இருந்து வந்ததுதான்.

இனி சாஃப்ட் பவர். 1990-ல அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசஃப் நை புழக்கத்துல விட்ட வார்த்தை, மிரட்டாம காசு கொடுக்காம அடுத்தவனை நம்ம பக்கம் இழுக்குற சக்தி, அது ஒரு நாட்டோட பண்பாட்டுல இருந்து வரும், அது நம்புற அரசியல் மதிப்புகள்ல இருந்து வரும், வெளியுறவுக் கொள்கையில இருந்து வரும்னார். ஜப்பானோட மதிப்பு ஆர்ட்டிகிள் 9-ல இருந்து வருது, அதைத் தொட்டா போச்சுன்னு ஒரு வாதம் அடிக்கடி வருது. எனக்கு அது பாதிதான் சரின்னு படுது. ஏன்னா 1974 ஜனவரியில பிரதமர் தனாகா ஜகார்த்தா போனப்போ ஊரே எரிஞ்சுது, ஜப்பான் கார்களைக் கொளுத்தினாங்க, பாங்காக்லயும் மாணவர்கள் எதிர்த்து நின்னாங்க. அப்பவும் ஆர்ட்டிகிள் 9 அப்படியேதான் இருந்துச்சு. படை இல்லாம காசை வெச்சு எங்களைப் பிடிக்கிறாங்கன்னு அவங்களுக்குக் கோபம். அதுக்கப்புறம் 1977-ல பிரதமர் ஃபுகுடா மணிலாவுல வந்து மூணு வாக்கு கொடுத்தார், ராணுவ வல்லரசா ஆக மாட்டோம், மனசுக்கு மனசு பழகுவோம், சமமான கூட்டாளியா இருப்போம்னு. அந்த வாக்கைப் பத்திரமா காப்பாத்தினாங்க. இன்னைக்கு சிங்கப்பூர்ல இருக்குற ஐசியாஸ் யூசோஃப் இஷாக் ஆய்வு நிறுவனம் 2019-லிருந்து எடுக்குற சர்வேக்கள்ல, பெரிய நாடுகள்ல யாரை நம்புறீங்கன்னு கேட்டா தென்கிழக்காசியாக்காரங்க முதல்ல சொல்றது ஜப்பானைத்தான்.

எங்க குடும்பத்துக்கும் இதுல ஒரு கணக்கு இருக்கு. எங்க தாத்தாவோட அண்ணன் மலாயாவுல ரப்பர் தோட்டத்துல இருந்தார், ஜப்பான் ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆள் பிடிச்சப்போ அவரையும் கொண்டு போனாங்க, திரும்பி வரல. அவர் மாதிரி ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளிங்க அந்தக் காட்டுல காலராவுலயும் பசியிலயும் செத்தாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் தம்பி ஜப்பான் குடியுரிமை வாங்கினான், அவங்கப்பாவும் சரின்னாரு. ஒரு நாட்டு மேல இருந்த அப்படிப்பட்ட வலி ரெண்டு தலைமுறையில ஆறுச்சுன்னா, அதுக்கு அந்த ரெண்டு பத்தி மட்டும் காரணமா இருக்காது, ஆனா அதுவும் ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

நடத்தைதான் பேசுதுங்கறதுக்கு இன்னொரு காட்சி சொல்றேன். 2004-ல ஈராக்ல சமாவாங்குற ஊருக்கு தற்காப்புப் படையை அனுப்பினாங்க, சுமார் 600 பேர், தண்ணி சுத்திகரிக்க, ரோடு, பள்ளிக்கூடம் சரி பண்ண. அந்தப் பகுதிக்கு ஜப்பான் கொடுத்த தண்ணி லாரிங்க மேல கேப்டன் சுபாசா ஸ்டிக்கர் ஒட்டினாங்க, ஃபுட்பால் ஆடுற கார்ட்டூன் பையன், அரபு நாட்டுப் பசங்களுக்கு அவன் பேரு கேப்டன் மாஜித், டிவியில பாத்து வளர்ந்தவங்க. கொளுத்துற வெயில்ல தெருவுக்குள்ள ஒரு தண்ணி லாரி வருது, அது மேல தனக்குத் தெரிஞ்ச ஒரு முகம். அந்த லாரி போனது எவ்வளவு நல்ல விஷயமோ, அதே நேரத்துல அந்தப் படை அங்க போனது அரசியல் சட்டப்படி சரியாங்கற கேள்வியும் அவ்வளவு பெருசா இருந்துச்சு, 2008-ல நகோயா உயர் நீதிமன்றம் அதே ஈராக் பணியில விமானப்படை செஞ்ச ஒரு பகுதி ஆர்ட்டிகிள் 9-க்கு எதிரானதுன்னே சொல்லுச்சு.

சரி, தம்பி முன்னாடி என்னென்ன வழி இருக்கு.

முதல் வழி, தொடாம விடுறது. எனக்கு மனசு முதல்ல சாஞ்சது இங்கதான். போன தடவை நான் டோக்கியோ போயிருந்தப்போ மே 3, அரசியல் சட்ட நாள் லீவு, ஒரு ஸ்டேஷன் வாசல்ல எழுபது எண்பது வயசுப் பாட்டிங்க தாத்தாங்க வரிசையா நின்னு ‘ஒன்பதாம் பிரிவைக் காப்பாத்து’ன்னு அட்டை பிடிச்சிருந்தாங்க. ஒரு பாட்டி என் கையில ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, எனக்கு ஜப்பானிய மொழி வராதுன்னு தெரிஞ்சதும் ரெண்டு கையையும் மேலிருந்து கீழ மழை மாதிரி இறக்கிக் காட்டினாங்க, குண்டு விழுறதைச் சொல்றாங்கன்னு புரிஞ்சுது. அவங்களுக்கு எதிரா பேச எனக்கு வாய் வராது. ஆனா இந்த வழியில ஒரு பெரிய குறை இருக்கு, தொடாம விட்டா அது தொடாமலே இருக்கும்னு நெனைக்கிறது தப்பு. 2014 ஜூலை 1-ஆம் தேதி ஒரு கேபினட் கூட்டத்துல, கூட்டாளி நாட்டுக்காகவும் சில சூழ்நிலையில படையைப் பயன்படுத்தலாம்னு அர்த்தத்தை மாத்தினாங்க. அதுவரைக்கும் அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் முடியாதுன்னு சொல்லிக்கிட்டு வந்த விஷயம். அடுத்த வருஷம் ஜூன்ல பார்லிமென்ட் குழு முன்னாடி மூணு அரசியல் சட்டப் பேராசிரியர்கள் வந்தாங்க, ஆளுங்கட்சியே கூப்பிட்டவர் உட்பட மூணு பேருமே இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொன்னாங்க. செப்டம்பர்ல சட்டம் நிறைவேறிடுச்சு. எழுத்து அப்படியே இருக்கு, அர்த்தம் நகந்துடுச்சு. வெளியில இருந்து பாக்குறவனுக்கு எழுத்து முக்கியம் இல்ல, அந்த எழுத்து ஒரு பிரதமரைத் தடுக்குமாங்கறதுதான் முக்கியம்.

இன்னொண்ணும் கவனிக்கணும். ஜப்பானுக்கு நல்ல பேரு வாங்கிக் கொடுத்த பல விஷயம் அரசியல் சட்டத்துலயே கிடையாது. அணு ஆயுதம் வெச்சுக்க மாட்டோம், செய்ய மாட்டோம், உள்ள விட மாட்டோம்ங்குற மூணு கொள்கை, 1967-ல பிரதமர் சாட்டோ பார்லிமென்ட்ல சொன்னது, அப்புறம் 1971-ல ஒரு தீர்மானம், அவ்வளவுதான். அவருக்கு 1974-ல நோபல் அமைதிப் பரிசு கூட வந்துச்சு. மூணாவது கொள்கையில அமெரிக்காவோட ரகசிய உடன்பாடு இருந்துச்சுன்னு 2010-ல வெளியுறவு அமைச்சகம் அமைச்ச குழுவே ஒத்துக்கிச்சு. ராணுவச் செலவு நாட்டோட மொத்த உற்பத்தியில ஒரு சதவீதம்ங்குற வரம்பு 1976-ல கேபினட் எடுத்த முடிவு, 2022 டிசம்பர்ல ரெண்டு சதவீதத்துக்குப் போகணும்னு இன்னொரு கேபினட் முடிவு பண்ணிடுச்சு. ஆயுத ஏற்றுமதித் தடையும் அப்படி வந்து 2014-ல அப்படியே தளர்ந்ததுதான். தொடாம விடுறவங்க காப்பாத்த நெனைக்கிற வீட்டுல பாதி ரூமுக்குக் கதவே இல்ல.

ரெண்டாவது வழி, ரெண்டு பத்தியையும் அப்படியே வெச்சுட்டு, பக்கத்துல தற்காப்புப் படை இருக்குன்னு ஒரு பிரிவு சேர்க்கிறது. 2017 மே 3-ல பிரதமர் அபே இதைக் கிளப்பினார், 2018-ல அவங்க கட்சி வரைவு போட்டுச்சு. நிலநடுக்கம் சுனாமின்னா முதல்ல ஓடி வர்ற படை, 2011-ல ஒரு லட்சம் பேர் வரைக்கும் இறங்கி இடிபாட்டுல இருந்து ஆளைத் தூக்கினாங்க, அவங்களைப் போய் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவங்கன்னு யாரும் சொல்ல முடியாம பண்ணணும்ங்கறது அவரோட வாதம். அது நியாயமான உணர்ச்சிதான். ஆனா வரைவைப் படிச்சா, மேல சொன்ன பிரிவு ‘தேவையான தற்காப்பு நடவடிக்கை’ எடுக்குறதைத் தடுக்காதுன்னு இருக்கு. அரசாங்கம் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு வந்த ‘குறைந்தபட்ச’ங்குற வார்த்தை அதுல இல்ல. பார்லிமென்ட் ஒப்புதல் மாதிரியான கட்டுப்பாடு இருக்கும்னு போட்டிருக்காங்க, ஆனா அதோட விவரம் சட்டம் நிர்ணயிக்கிறபடி. சாதாரணச் சட்டத்தை சாதாரணப் பெரும்பான்மையில மாத்திடலாமே.

மூணாவது வழியை நான் வேகமாத் தாண்டிடுறேன். 2012-ல அதே கட்சி போட்ட பழைய வரைவு, ரெண்டாவது பத்தியை எடுத்துட்டு ‘தேசப் பாதுகாப்பு ராணுவம்’னு வைக்கிறது. அதுல ராணுவத்தைவிட என்னை உறுத்துனது முகவுரை. இப்ப இருக்குற முகவுரையில உலகத்துல எல்லா மக்களுக்கும் பயமும் பற்றாக்குறையும் இல்லாம அமைதியா வாழ உரிமை உண்டுன்னு ஒரு வரி இருக்கு, எல்லா மக்களுக்கும், ஜப்பான்காரங்களுக்கு மட்டும் இல்ல. அந்த வரியை எடுத்துட்டு, நீண்ட வரலாறும் தனித்த பண்பாடும் கொண்ட நாடு நாங்கன்னு ஆரம்பிக்கிறாங்க. பெருமைப்பட்டுக்கலாம், ஆனா எல்லா மக்களுக்கும்னு சொன்ன அந்த உரிமை அதுல இல்ல. சித்தாந்தத்தை உள்நாட்டுப் பெருமையா சுருக்கினா கொரியாவோட சியோல்லயும் சீனாவோட நான்ஜிங்லயும் ஜப்பான் படை கொடுத்த பழைய காயம்தான் திறக்கும்.

நாலாவது வழி அதிகம் பேசப்படாதது, ஆனா எதிர்க்கட்சிப் பக்கத்துலயும் சட்டம் படிச்சவங்க சில பேர்கிட்டயும் இருக்கு. படை இருக்குங்கறதை ஒத்துக்கிட்டு எழுதுறது, அதே மூச்சுல வேலியையும் அரசியல் சட்டத்துக்குள்ளயே போடுறது. தாக்கப்பட்டாத்தான் பலம், வெளிநாட்டுக்கு அனுப்ப முன்கூட்டியே பார்லிமென்ட் ஒப்புதல். அதோட அணு ஆயுதம் கிடையாதுங்கறதையும் அதே பக்கத்துல எழுதணும்னு நான் சொல்வேன். இதுக்கு ஜெர்மனியைப் பாருங்க. 1949-ல போட்ட அவங்க அடிப்படைச் சட்டத்துல ராணுவம் இல்ல, பனிப்போர் வந்ததும் 1956-ல வெளிப்படையா திருத்தி சேர்த்தாங்க, கூடவே ராணுவத்தைக் கண்காணிக்க பார்லிமென்ட் ஆணையர்னு ஒரு பதவியையும் அதே சட்டத்துல வெச்சாங்க. 1994-ல அவங்க அரசியல் சட்ட நீதிமன்றம், வெளிநாட்டுல ஆயுதப் பணிக்குப் படை போகணும்னா பார்லிமென்ட் ஒப்புதல் வேணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஆப்கானிஸ்தான்ல படை இருந்த காலம் பூரா அந்த அனுமதியை பார்லிமென்ட்ல திரும்பத் திரும்ப வாங்கித்தான் வெச்சிருந்தாங்க. சட்டத்தை அறுபது தடவைக்கு மேல திருத்தியிருக்காங்க, அதனால ஜெர்மனி மேல பக்கத்து நாட்டுக்காரனுக்கு நம்பிக்கை குறையல, ஏன்னா ஒவ்வொரு தடவையும் எல்லார் கண்ணு முன்னாடியும் நடந்துச்சு.

கோஸ்டா ரிகா மாதிரி படையே இல்லாம இருக்கலாமேன்னு என் நண்பர் ஒருத்தர் கேட்டார். அங்க 1948 டிசம்பர் 1-ல ஆட்சித் தலைவரா இருந்த ஃபிகெரஸ் ஒரு சம்மட்டியை எடுத்து ராணுவக் கோட்டைச் சுவத்துல அடிச்சு ராணுவத்தை ஒழிச்சார், அடுத்த வருஷ அரசியல் சட்டத்துல 12-வது பிரிவா அது வந்துச்சு, அந்தக் கோட்டை இப்ப தேசிய அருங்காட்சியகம். அமெரிக்க நாடுகளோட மனித உரிமை நீதிமன்றமே அந்த ஊர்லதான் இருக்கு. எனக்கு அந்த நாட்டு மேல அவ்வளவு மரியாதை. ஆனா ஜப்பானுக்கு அது ஒத்து வராது. 2022 அக்டோபர்ல தம்பி வடக்கு ஜப்பான்ல ஆமோரி பக்கம் வேலையா போயிருந்தான், காலை ஏழரை மணிக்கு போன் அலறுச்சு, வட கொரியா ஏவுகணை, கட்டடத்துக்குள்ளயோ தரைக்கு அடியிலயோ போங்கன்னு. அது தலைக்கு மேல தாண்டிப் போய் பசிபிக்ல விழுந்துச்சு. அன்னைக்கு அவன் குரல் நடுங்குனதை நான் கேட்டேன். அவன்கிட்ட படையே வேணாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல.

படை வெச்சா பேரு கெட்டுடும்ங்கற பயமும் எல்லா இடத்துலயும் ஒண்ணா இல்ல. 1945-ல ஜப்பான் படையோட நடந்த சண்டையில மணிலாவுல ஒரு லட்சம் பேர் அளவுக்கு செத்தாங்க, அதே ஃபிலிப்பைன்ஸ் 2024 ஜூலையில ஜப்பான் படை தன் மண்ணுல வந்து பயிற்சி எடுக்க ஒப்பந்தம் போட்டுச்சு. இன்னொரு பக்கம் 1991 வளைகுடாப் போர்ல படை அனுப்பாம 1,300 கோடி டாலர் கொடுத்தாங்க, போர் முடிஞ்சதும் குவைத் அமெரிக்கப் பத்திரிகையில போட்ட நன்றி விளம்பரத்துல ஜப்பான் பேரே இல்ல. அந்த அவமானம் இன்னைக்கும் டோக்கியோவுல பேசப்படுது, அடுத்த வருஷமே ஐ.நா. அமைதிப் பணிக்குப் படை அனுப்புற சட்டம் வந்து கம்போடியாவுக்கு ரோடு போட 600 பொறியியல் வீரர்களை அனுப்பினாங்க.

கம்போடியாவுல ஐ.நா. பணிக்குத் தலைமை தாங்கின யசுஷி அகாஷிதான் பின்னாடி இலங்கைக்கு ஜப்பானோட சிறப்புத் தூதரா வந்தார். 2003 மார்ச்ல இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் ஆறாவது சுற்றுப் பேச்சு ஜப்பான்ல ஹகோனேயில நடந்துச்சு. ஜூன்ல டோக்கியோவுல நன்கொடை மாநாடு, 450 கோடி டாலர் தர்றதா நாடுகள் வாக்கு கொடுத்துச்சு, புலிகள் போகல. அந்த மாநாட்டைக் கூட்ட ஜப்பானால முடிஞ்சதே அமைதி நாடுங்கற பேர் இருந்ததாலதான். ஆனா 2009-ல கடைசி மாசங்கள்ல, இலங்கைக்கு அதிகமா உதவி கொடுத்த நாடுங்கற செல்வாக்கு கையில இருந்தும், ஜப்பான் போதுமான அளவுக்குப் பேசல. எல்லா மக்களுக்கும் அமைதியா வாழ உரிமைன்னு முகவுரையில எழுதின நாடு. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகல, அதனாலதான் வெறும் எழுத்தைக் காப்பாத்துறதுல நான் திருப்தி ஆக முடியல.

அதனால தம்பி, நாலாவது வழி மாதிரி வேலியோட ஒரு திருத்தம் வந்தா ஆதரவா போடு. அது வரலைன்னா, தொடாம விடுறதுக்கு என் ஓட்டு, 2014-ல நடந்த மாதிரி அர்த்தத்தை நகத்தினாலும் ரெண்டாவது பத்தி அங்க இருக்குற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பார்லிமென்ட்ல நின்னு பதில் சொல்லியாகணும். வாக்குச்சீட்டுல ஆதரவு, எதிர்ப்புன்னு ரெண்டு வார்த்தை அச்சடிச்சிருக்கும், ஒண்ணைச் சுத்தி வட்டம் போடணும். போடுறதுக்கு முன்னாடி வரைவை எடுத்து, ‘சட்டம் நிர்ணயிக்கிறபடி’ங்குற வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு விரல் விட்டு எண்ணு. 2018 வரைவுல ரெண்டு தடவை வருது.